ஒன்பது: இடமிருந்து வலம்

தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கொம்பக்காவுக்குக் கை சும்மா இருக்காது. பேருந்தில் ஒட்டிய அறிவிப்பில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தால், பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தப் புள்ளியை வைத்துவிட்டுத்தான் இறங்குவாள். மருந்துக் கடையில் 'மூன்று வேலை சாப்பிடவும்' என்று எழுதிக் கொடுத்த சீட்டை 'வேளை' என்று திருத்தி, கடைக்காரருக்கு அங்கேயே ஒரு வகுப்பும் எடுத்து, கடைசியில் மருந்தை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள். அவள் பிழைப்பும் அதுதான். ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துகிறாள். ஒற்றைக் கொம்புக்குப் பதில் இரட்டைக் கொம்பு போட்டவன் அவளிடம் தப்பியதில்லை. "உங்களுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று ஒரு நிருபர் ஒருநாள் எகிறினான். "ஆமா. ஒத்தை ஒண்ணு, ரெட்டை ஒண்ணு" என்றாள். அன்றிலிருந்து அவள் கொம்பக்கா. கல்யாணமான மகளும் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அந்த நாளிதழின் ஏழாம் பக்கத்தில் ஞாயிறு தவிர தினமும் ஒரு குறுக்கெழுத்து வரும். அதைப் போடுபவருக்குக் கட்டக்காரர் என்று பெயர். பதின்மூன்று வருடமாகப் போடுகிறார். அலுவலகத்தில் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. திங்கட்கிழமை தபாலில் ஒரு பழுப்பு உறை வரும். உள்ளே அடுத்த வாரத்துக்கான ஆறு புதிர்கள், தனியாக மடித்த ஆறு விடைத் தாள்கள். கட்டங்கள் எல்லாம் அளவுகோல் வைத்து மையால் போட்டவை. கோடு கோட்டைத் தாண்டியிருக்காது.

மற்றப் புதிர்களில் இல்லாத ஒன்று அதில் உண்டு. ஒவ்வொரு நாளும் கட்டங்களில் வரும் சொற்களில் ஐந்தாறு ஒரே குடும்பமாக இருக்கும். என்ன குடும்பம் என்று எங்கேயும் சொல்லியிருக்காது. அடியில் 'இன்றைய சரடு?' என்று மட்டும் இருக்கும். மறுநாள்தான் பதில். ஒருநாள் பல், இலை, திரை, விலை, ஓட்டு என்று வந்தது. இதில் எதற்கும் எதற்கும் என்ன சம்பந்தம் என்று மண்டை காயும். எல்லாமே விழுபவை என்று தெரிந்த மாத்திரத்தில், தனியாக உட்கார்ந்திருப்பவனும் வாய்விட்டுச் சிரித்துவிடுவான். அந்தச் சிரிப்புக்காகவே பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து பிரிப்பவர்கள் இருந்தார்கள்.

கொம்பக்கா விடைத் தாளைப் பிரிக்காமல், ஒரு வாசகி போலவே பென்சிலை எடுத்துக்கொண்டு ஆறையும் போடுவாள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் போதாதென்று வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் சொற்கள் ஓடும். போட்டு முடித்த பிறகுதான் விடையோடு ஒப்பிடுவாள். ஆறில் ஏதாவது ஒன்றில் ஒரு சின்னத் தப்பு கிடைக்கும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு நான்கு என்று போட்டிருப்பார், அல்லது ஒரு எண் விட்டுப்போயிருக்கும். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவருக்குப் போன் செய்வாள். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிடுவார்.

"சொல்லுங்க கொம்பம்மா, என்ன பண்ணித் தொலைச்சேன்?" என்பார். இவள் தப்பைச் சொல்வாள். "அட, ஆமா. கண்ணு போச்சு எனக்கு" என்று சிரிப்பார். பிறகு ஆறு புதிரின் சரடையும் இவள் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். விடைத் தாளில் சரடு மட்டும் எழுத மாட்டார், அதை அவள் வாயால் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. பேச்சு அங்கிருந்து எங்கெங்கோ போகும். 'வாலறுந்த குதிரை, தாவு என்கிறது' என்று ஒரு குறிப்புப் போட்டிருந்தார். குதிரையின் கடைசி எழுத்தை வெட்டினால் குதி. அதற்காக இவள் அவரோடு கால் மணி நேரம் சண்டை போட்டாள், குதிப்பதும் தாவுவதும் எப்படி ஒன்றாகும் என்று. தன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவள் முட்டி வலி, மகளின் பிரசவம், மாப்பிள்ளையின் முன்கோபம் எல்லாம் அவருக்கு அத்துபடி. போனை வைக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "சாப்பிட்டாச்சா?" பதினோரே கால் மணிக்கு யார் சாப்பிடுவார்கள்? ஆனாலும் கேட்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் மண் விழுந்தது புதுப் பொறுப்பாசிரியர் வந்த பிறகுதான்.

ஆள் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. எதைப் பார்த்தாலும் இது எதற்கு என்று கேட்பார், அவ்வளவுதான். மெய்ப்புப் பார்க்க மூன்று பேர் எதற்கு என்று கேட்டார், கொம்பக்கா ஒருத்திதான் மிஞ்சினாள். மெய்ப்பு அறைக்குத் தொலைபேசி எதற்கு என்று கேட்டார், அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்து மகளுக்கு உடம்புக்கு முடியாமல் போக, கொம்பக்கா ஒரு வாரம் விடுப்பில் இருந்தாள். அந்த வாரத்துத் தப்பு திருத்தப்படாமல் அப்படியே அச்சாகிவிட்டது. நாற்பது வாசகர்கள் போன் செய்து காய்ச்சி எடுத்தார்கள். பொறுப்பாசிரியர் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் கட்டக்காரரை நிறுத்திவிடுவேன், கணினியே போட்டுத் தரும் புதிர் சும்மா கிடைக்கிறது என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கோபத்தில் சொல்கிறார் என்று விட்டிருப்பாள்.

அடுத்த திங்கட்கிழமை உறையில் ஒரு தப்பு இருந்தது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். எண்ணைத் தேடி எடுத்தவள் அழுத்தாமல் நின்றாள். சொன்னால் அந்த மனுஷன் மனசு உடைந்து போவார். தப்பு அச்சாகி நாற்பது பேர் திட்டியதே அவருக்குத் தெரிந்திருக்கும். வயதாகிறது, பார்வை மங்குகிறது, இதில் வாரா வாரம் நான் வேறு குத்திக்காட்ட வேண்டுமா? பொறுப்பாசிரியர் காதில் விழுந்தால் பிழைப்பிலும் மண். பேசாமல் நாமே திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது, அவர் புதிரும் பத்திரிகையில் இருக்கும். இப்படித்தான் நினைத்தாள். நல்ல எண்ணத்தில்தான் நினைத்தாள். ஒன்றை மறைக்கக் கூடாது: மூன்று பேர் வேலையை ஒருத்தி பார்க்கும்போது அந்தக் கால் மணி நேரம் மிச்சமானதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

இரண்டாம் வாரம் இரண்டு தப்பு. நான்காம் வாரம் ஒரே புதிரில் மூன்று. கொம்பக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எல்லாவற்றையும் திருத்தினாள். சரடுகளையும் தானே கண்டுபிடித்து எழுதினாள். பக்கம் வடிவமைக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், கையிலிருந்து மவுஸ் இறங்காததால் சுண்டெலி என்று பெயர். அவளிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள், கட்டக்காரருக்குப் புத்தி தடுமாறுகிறது போலிருக்கிறது என்று. பாவம் என்றாள் சுண்டெலி.

ஏழாம் வாரத்து உறையில் முதல் புதிரை எடுத்ததுமே கொம்பக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனை நாளில் அவர் போட்டதிலேயே அழகானது அதுதான் என்று இன்றும் சொல்வாள்.

'கதவுக்கும் வேண்டும், சோற்றுக்கும் வேண்டும் (3)'. தட்டு. எழுதும்போதே உதட்டில் சிரிப்பு. 'என்ன ஆச்சு என்று எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் (2)'. கொஞ்சம் யோசித்தாள். மணி என்ன ஆச்சு? மணி. மனுஷன் இன்னும் மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டாள். 'அடித்தாலும் இதுதான், சொன்னாலும் இதுதான் (2)'. பறை. அடிக்கும் பறை ஒன்று, பறைதல் என்றால் சொல்லுதல். 'குக்கரும் அடிக்கும், ரசிகனும் அடிப்பான் (3)'. விசில். 'ஆலையிலும் ஊதும், கடலிலும் கிடக்கும்'. சங்கு. சொற்கள் ஒன்றோடு ஒன்று கைகோத்து நின்றன. தேவையில்லாத கறுப்புக் கட்டம் ஒன்றுகூட இல்லை. பாதி முடிவதற்குள் சரடு பிடிபட்டுவிட்டது. மணி, பறை, சங்கு, விசில், கதவைத் தட்டுவது. 'ஓசை' என்று ஓரத்தில் எழுதினாள்.

பிறகு விடைத் தாளைப் பிரித்தாள். சங்குக்கு எழுத்து நான்கு என்று இருந்தது, அவள் பென்சில் பிடித்த வேகத்தில் கவனிக்கவில்லை. கீழிருந்து மேல் போகும் மணியை மேலிருந்து கீழ் பட்டியலில் போட்டிருந்தார். பதினான்காம் எண் இரண்டு தடவை வந்தது. பறையை 'பரை' என்று எழுதியிருந்தார். றகரமும் ரகரமும் தெரியாத ஆளா அவர்?

ஐந்தாவது, ஒன்பதாம் எண், இடமிருந்து வலம். குறிப்பு: 'கண் (2)'. விழி என்று போட்டிருந்தாள். குறுக்கே கீழே இறங்கும் சொல்தான் இடித்தது. 'மழையில் ஒன்று (2)' என்றால் துளி. துளியின் ளி வர வேண்டிய இடத்தில் விழியின் ழி நிற்கிறது. விடைத் தாளில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தாள். 'விளி' என்று இருந்தது.

ஒரு நிமிடம் நிதானித்திருந்தால் போதும். கொம்பக்காவுக்கா தெரியாது, விளி என்று ஒரு சொல் இருப்பது? ஆனால் ஒருவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நாம் முடிவு கட்டிவிட்டால், அதற்குப் பிறகு அவர் செய்வதெல்லாம் தடுமாற்றமாகத்தான் தெரியும். ழகரம் எழுதத் தெரியாமல் ளகரம் எழுதிவிட்டார் என்றே நினைத்தாள். விளியை அடித்து விழி ஆக்கினாள். துளி பொருந்தாது என்பதால் அதன் குறிப்பை எடுத்துவிட்டு, 'பள்ளம்' என்று புதுக் குறிப்பு எழுதிக் குழி ஆக்கினாள். ஐந்து தப்பையும் திருத்தியாயிற்று. தாளை எட்டப் பிடித்துப் பார்த்தாள், மருந்துக்கும் ஒரு குறை இல்லை. அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை, அந்தப் புதிர் அச்சில் வந்தது. பழுப்பு உறை வரவில்லை. தபால்காரரை இரண்டு தடவை கேட்டாள். பதின்மூன்று வருடத்தில் வெள்ளம் வந்த வாரம்கூட அந்த உறை வராமல் இருந்ததில்லை. வராவிட்டால் நல்லதாகப் போயிற்று, கையில் மிச்சமிருப்பதையும் விட்டுவிட்டுப் புதன்கிழமையிலிருந்தே கணினிப் புதிரைப் போட்டுவிடலாம் என்றார் பொறுப்பாசிரியர். செவ்வாய்க்கிழமை காலை அவள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய உறையில் இருந்த முகவரிக்குப் பேருந்து ஏறினாள். கையில் அன்றைய பத்திரிகை இருந்தது. ஏழாம் பக்கத்தில் 'நேற்றைய சரடு: ஓசை' என்று வந்திருந்தது.

ஒரு துணிக்கடைக்குப் பின்னால் மாடி வீடு. கீழே வீட்டுக்காரம்மா குடியிருந்தாள், மாடியில் ஒற்றை அறை. பத்திரிகை அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னதும் வீட்டுக்காரம்மா இவளை மேலும் கீழும் பார்த்தாள். அவர் போய்விட்டார் என்றாள். போன செவ்வாய்க்கிழமை நாற்காலியிலிருந்து விழுந்திருக்கிறார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமைதான் கதவை உடைத்துப் பார்த்தார்கள். விழுந்த உடனே உயிர் போகவில்லை, புதன்கிழமை வரைக்கும் இருந்திருப்பார் என்று மருத்துவர் சொன்னாராம். சொந்தம் என்று யாரும் வரவில்லை. தெருக்காரர்கள்தான் எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

கொம்பக்கா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கும் யாரிடமாவது சொல்லி ஆற வேண்டியிருந்தது. "நான் என்னம்மா பண்ணுவேன்? செவ்வாய்க்கெழமையானா பதினோரு மணிக்கு அவருக்கு ஒரு போன் வரும். அந்தச் சத்தம் கீழ வரைக்கும் கேக்கும். ஒரு மணிதான் அடிக்கும், உடனே எடுத்துடுவாரு. ரெண்டாவது மணி அடிச்சுதுன்னா மேல ஓடி வந்து பாருங்கன்னு எங்கிட்ட சொல்லி வெச்சிருந்தாரு. தனியா இருக்கிற ஆளு பாருங்க. அந்தப் போன் ரெண்டு மாசமா நின்னுபோச்சு. எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் போன் செய்தது நான்தான் என்று சொல்லக் கொம்பக்காவுக்கு வாய் வரவில்லை.

அறையைக் காலி செய்யப் போகிறேன், காகிதம் ஏதாவது வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பழைய பேப்பர்காரனுக்குத்தான் என்று சொல்லி வீட்டுக்காரம்மா புதுப் பூட்டின் சாவியைக் கொடுத்தாள். மேலே ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியை ஒட்டி ஒரு முக்காலி, அதன்மேல் தொலைபேசி. சுவரிலிருந்து ஒயரை இழுத்து, இருந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டுகிற மாதிரி வைத்திருந்தார். நாற்காலி மெத்தையில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. அளவுகோல், மைக்கூடு, ஒரு சிவப்புப் பேனா. அலமாரியில் வருடம் எழுதிய அட்டைக் கோப்புகள் பதின்மூன்று.

முதல் கோப்பை எடுத்துப் பிரித்தாள். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு கட்டு. ஆறு புதிரின் நகல்களும் இருந்தன. முதல் ஆறு மாதம் ஒரு தப்பும் இல்லை. பிறகு ஒன்றில் தப்பு, அது உண்மையிலேயே கை தவறியது. அவளுக்கு ஞாபகம் இருந்தது, முதல் முதலாக அவரோடு பேசியது அன்றைக்குத்தான். அதற்கடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு கட்டிலும் ஒரு புதிர் மட்டும் இரண்டு பிரதியாக இருந்தது. ஒன்று சரியான பிரதி. இன்னொன்று பத்திரிகைக்கு அனுப்பியதன் நகல், அதில் தப்பைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஓரத்தில் 'செவ்வாய்' என்று எழுதியிருந்தது.

எல்லாத் தப்பும் அவர் தெரிந்தே போட்டது.

கொம்பக்கா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் புரட்டினாள். சரியான பிரதிகளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள். 'முட்டி வலி. படி ஏறுவதுதான் சிரமமாம்.' 'மகளுக்குப் பெண் குழந்தை. எடை குறைவு. அடுத்த வாரம் கேட்க வேண்டும்.' 'குதிரைக் குறிப்புக்குச் சண்டை. அவள் சொல்வதுதான் சரி.' ஒவ்வொரு வாரமும் போனை வைத்த கையோடு எழுதியிருக்கிறார். கடைசி ஏழு கட்டில் குறிப்பு எதுவும் இல்லை. அவற்றில் முதல் ஆறில் 'வரவில்லை' என்று மட்டும் இருந்தது. ஏழாவதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அந்த ஏழாவதைத் திருப்பினாள். தட்டு, மணி, பறை, விசில், சங்கு, எல்லாம் அவள் போட்டபடிதான். ஒன்பது, இடமிருந்து வலம் என்ற இடத்துக்கு வந்தாள். சரியான பிரதியில் குறிப்பு 'கண்' இல்லை. 'எட்டாம் வேற்றுமை (2)' என்று இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லும் அதற்கு விடை. ஒருவரைக் கூப்பிடுவது எட்டாம் வேற்றுமை. விளி. சொல் சரியாகத்தான் இருந்தது. குறிப்பைத்தான் வேண்டுமென்று மாற்றியிருந்தார். அடியில், அவளுக்கு ஒருநாளும் எழுதிக் காட்டாத அந்த இடத்தில் எழுதியிருந்தார். 'சரடு: அழைப்பு.'

ஓசை அல்ல. மணியும் சங்கும் விசிலும் தட்டுகிற கதவும் சும்மா சத்தம் போடவில்லை, யாரையோ கூப்பிட்டன. விளிதல் என்றால் பழைய நூல்களில் செத்துப்போவது என்றும் ஒரு பொருள் உண்டு. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த ஐந்து தப்பிலும் வேறு ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று பென்சிலை எடுத்து, தப்பான எழுத்துகளையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தாள். திருப்பி எழுதினாள். தலையை வெட்டினாள், வாலை வெட்டினாள். ஒன்றும் வரவில்லை. அதில் புதிரே இல்லை. ஒரு தப்புக்குக் கூப்பிடவில்லை, சரி இரண்டு போடுவோம், மூன்று போடுவோம், ஐந்து போட்டால் கூப்பிடுவாள் என்று ஒரு மனுஷன் நினைத்திருக்கிறான், அவ்வளவுதான். ஊரில் எல்லாச் சரடையும் கண்டுபிடிக்கிறவளுக்கு அது தெரியவில்லை. பதின்மூன்று கோப்புக்கு நடுவில் உட்கார்ந்து அவள் வாய்விட்டு அழுதாள்.

மத்தியானம் அலுவலகம் திரும்பியபோது, வரவேற்பில் இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்த பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். கொம்பக்கா சொன்னாள்.

"ஒரு பெரியவர் ரெண்டு தடவை போன் பண்ணினாருக்கா," என்றாள் அந்தப் பெண். "கொம்பம்மா இருக்காங்களான்னு கேட்டாரு. எனக்கு அப்போ உங்க பட்டப்பேர் தெரியாது. யாரோ கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சு வெச்சிட்டேன்."

அவளைக் கோபித்து என்ன ஆகப் போகிறது? கொம்பக்கா தலையை ஆட்டிவிட்டு மெய்ப்பு அறைக்குப் போனாள். ஒரு தாளை எடுத்து எழுதினாள். இந்த வேலைக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் அடுத்தவர் தப்பைத்தான் அவள் எழுதியிருக்கிறாள்.

'திருத்தம்: திங்கட்கிழமைக் குறுக்கெழுத்தில் ஒன்பது, இடமிருந்து வலம், விழி என்று வந்தது தவறு. விளி என்பதே சரி. சரடு, ஓசை அல்ல, அழைப்பு. தவறு கட்டக்காரருடையது அல்ல. மெய்ப்புத் திருத்தியவருடையது. கட்டக்காரர் போன வாரம் காலமானார்.'

பொறுப்பாசிரியர் இரண்டு தடவை படித்தார். காலமான செய்தியைப் போடலாம், மற்றது எதற்கு என்று கேட்டார். "யாரும் புகார் சொல்லலையே மேடம். நீங்க நல்லாத்தான் பார்த்திருக்கீங்க. ஏழு வாரமா ஒரு போன்கூட வரலை. அதுதானே நமக்கு வேணும்?"

"போன் வராததுதான் சார் தப்பு" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்து, போட்டுக்கொள்ளுங்கள் என்று தாளை நீட்டினார்.

நான்கு மணிக்கு ஏழாம் பக்கத்து மெய்ப்பு வந்தது. கட்டக்காரருக்கு ஒதுக்கிய இடத்தில் கணினிப் புதிர் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதிய திருத்தத்தைச் சின்னதாக ஒரு கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். படித்தாள். 'திங்கட்கிழமைக் குறுக்கேழுத்தில்' என்று இருந்தது. சுண்டெலி அவசரத்தில் ஒற்றைக் கொம்புக்கு இரட்டைக் கொம்பு போட்டுவிட்டாள்.

பேனா கையில்தான் இருந்தது. ஒரு கோடு இழுத்தால் முடிந்தது. கொம்பக்கா பேனாவை மூடி மேசையில் வைத்தாள். பையைத் துழாவிக் கைப்பேசியை எடுத்து, மேல் மாடியில் இருக்கும் சுண்டெலிக்குப் போன் செய்தாள். ஆறேழு மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"கண்ணு, அந்தத் திருத்தத்துல ஒரு தப்பு இருக்கு. குறுக்கெழுத்துக்கு ஒத்தைக் கொம்பு."

"இதுக்கு எதுக்குக்கா போன்?" என்றாள் சுண்டெலி. "நீங்களே திருத்தி அனுப்பிட வேண்டியதுதானே?"

சுண்டெலி ஹலோ, ஹலோ என்றாள்.

"அனுப்பலாம்தான்," என்றாள் கொம்பக்கா. "நீ சாப்பிட்டாச்சா?"